சரி சரி



டிசம்பர் முழுக்க "சார் எப்படி இருக்காங்க டீச்சர்?" என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட இந்த வீட்டில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. காரணம், ஒரு வருஷமும் பத்து மாதமும் ஆன ஒரு ஆள். அந்த ஆள் நேற்று இரவு ரயில் ஏறிவிட்டாள். இப்போது உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீச்சர் எழுதினால் நீளாமல் இருக்குமா.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன ஜூலையில் ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சார் கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பக்கத்து வீட்டுத் தம்பி உடனே கார் எடுத்ததால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். (பிள்ளைகளே, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வாய் கோணினாலோ, தூக்கிய கை தானாக இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சூடு தண்ணி, எலுமிச்சம்பழம் என்று நேரம் போக்காதீர்கள். ரத்தக்கட்டி அடைத்ததால் வந்ததென்றால், அதைக் கரைக்கிற ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். 108-ஐக் கூப்பிடுங்கள்.)

உயிருக்குப் பங்கமில்லை. ஆனால் வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிளஸ் டூவில் கலர் சாக்பீஸால் மூளைப் படம் போட்டு, இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது, பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பாதியில்தான் இருக்கிறது என்று உங்களுக்கு நடத்தினேன். படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் ஐந்து மார்க். அதே படத்தை ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கு ஸ்கேனில் காட்டினார்.

சாருக்கு நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. கிரிக்கெட் புரிகிறது, பேப்பரில் தலைப்புச் செய்தி புரிகிறது, நான் சாம்பாரில் உப்பைக் குறைத்ததும் புரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் உள்ளே இருக்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "சரி சரி" என்றுதான் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி சரி, வேண்டாமென்றாலும் சரி சரி, கோபம் வந்தாலும் அதே சரி சரிதான். பாரிஸில் ப்ரோக்கா என்ற டாக்டர் 1861-ல் பார்த்த ஒரு நோயாளிக்கு "டான் டான்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வராதாம். ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டதாம். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் ப்ரோக்கா அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். இதையும் வகுப்பில் சொன்னதாக ஞாபகம். நம் வீட்டுக்குள்ளேயே வருமென்று யாருக்குத் தெரியும்.

சாரிடம் படித்தவர்களுக்கு அந்தக் குரலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் வேலி தாண்டப் போகிறவனைப் பெயர் சொல்லியே நிறுத்துகிற பி.டி. சார் குரல். விசில்கூட அதற்கு அடுத்தபடிதான். அந்த மனுஷரைப் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "என்னைத் தெரியுதா சார்?" என்று சத்தமாகக் கேட்பார்கள். வந்தவர்கள் அன்போடுதான் கேட்டார்கள். இருந்தாலும் ஒருவர் போனதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அக்டோபரில் பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணை வேண்டாமென்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். நவம்பரில் அந்த "சரி சரி"யும் குறைந்துபோனது. டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து ஸ்டார் பெட்டியை இறக்கினேன். அதற்கும் இடது கையை ஆட்டினார். நான் கேட்கவில்லை, கட்டினேன். குடிலும் வைத்தேன். தட்டில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்த்தேன். இவ்வளவும் ஊமைப் படம் மாதிரி நடந்தது.

இருபதாம் தேதி காலை, நாகர்கோவில் ரயிலில் வந்து பெங்களூர் மகளும் மருமகனும் திருநெல்வேலியில் இறங்கினார்கள். பேத்தி அப்பாவைப் பார்த்துப் பயந்துவிட்டால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று மகள் ரயிலெல்லாம் தூங்கவில்லையாம். கடைசியாக அவள் தாத்தாவைப் பார்த்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

சின்னவள் உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, குடிலைப் பார்க்கவில்லை, நட்சத்திரத்தையும் பார்க்கவில்லை. நேரே போய் சாரின் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். சாருக்கு அது இல்லாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது. இரண்டு நிமிஷம் பார்த்தார். அப்புறம் "சரி சரி சரி சரி!" என்று ஒரு சத்தம் போட்டார். எத்தனை வாரத்துக்குப் பிறகு அந்தக் குரல்! அடுப்படியில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவள் அங்கிருந்தே திரும்பிப் பார்த்து, அதே தொனியில், "தயி தயி தயி தயி!" என்றாள்.

அவளுக்கும் அன்றைக்கு மொத்தம் பத்துப் பதினைந்து வார்த்தைதான் இருந்தது. தாத்தாவுக்கு "தாத்". எனக்கு "ஆத்தி". ஆச்சி என்று சொல்ல வரவில்லை. அவள் வைக்கிற கூத்தைப் பார்த்தால் நானே பத்துத் தடவை "ஆத்தி" என்று சொல்ல வேண்டியிருந்தது, அதனால் பெயர் பொருத்தம்தான். "ந்தா" என்றால் இந்தா என்பதும் தா என்பதும். "ம்மாண்டா" என்றால் வேண்டாம், அது நிமிஷத்துக்கு ஒரு தடவை. இவற்றோடு தாத்தாவிடமிருந்து "தயி தயி" சேர்ந்துகொண்டது. பிறகு அந்த இரண்டு பேரும் நடத்திய பேச்சுவார்த்தையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவர் கேள்வி மாதிரி இழுத்து "சரீ... சரி?" என்பார். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டி "தயி" என்பாள். அவர் மிரட்டுகிற தொனியில் சொன்னால் இடுப்பில் கை வைத்து அவளும் மிரட்டுவாள். பேசுகிறவர் வார்த்தை தெரியாமல் தடுமாறுகிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரிந்த அளவில் மனுஷர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

அடுத்த நாள் குடிலுக்கு வந்துசேர்ந்தாள். முதலில் கேழ்வரகுப் புல்லைப் பிடுங்கித் தின்றுபார்த்தாள். பிறகு மண் பொம்மைகள். ஐந்து ஆடு, இரண்டு ஒட்டகம், மேய்ப்பர்கள், சாஸ்திரிகள் எல்லாம் மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாங்கியவை. கட்டிலிலிருந்து ஒரு ஆடு விழுந்தது, வாசல்படியிலிருந்து ஒன்று, தண்ணீர் வாளிக்குள் ஒன்று. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டுக் குனிந்து, என்ன ஆனது என்று பார்ப்பாள். மருமகன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். விடுங்கள் என்றேன். பி.எட். படிக்கும்போது பியாஜே என்று ஒருவரைப் பரீட்சைக்காக உருப்போட்டோமே, அந்த சுவிட்சர்லாந்துக்காரர் தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். பிள்ளை ஒரு சாமானை ஓரிடத்திலிருந்து போட்டுப் பார்க்கும், கையை மாற்றிப் போட்டுப் பார்க்கும், உயரத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கும். நமக்கு அது சேட்டை, அதற்கு அது லேப். எங்கள் லேபில் அன்று மாலைக்குள் மூன்று ஆட்டுக்குக் கால் இல்லை. ஒரு ஒட்டகத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். அது 27-ஆம் தேதிதான் உலைக்கு அரிசி எடுக்கும்போது கிடைத்தது.

மிச்சமிருந்த இரண்டு ஆட்டையும் சாரிடம் கொண்டுபோய் "ந்தா" என்று நீட்டினாள். இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூலையிலிருந்து நாங்கள் எல்லோரும் எதைக் கொடுத்தாலும் அவருடைய இடது கையில்தான் கொடுப்போம். டம்ளரும், பேப்பரும், மாத்திரையும் அப்படித்தான். அது எங்களுக்கே பழகிப்போயிருந்தது. அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எந்தக் கை பக்கத்தில் இருந்ததோ அந்தக் கையில் வைத்தாள். அது வலது கை. ஆடு விழுந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. தாத்தா தன்னோடு போட்டு விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பிசியோதெரபி தம்பி பஞ்சுப் பந்து ஒன்று கொடுத்து, தளர்ந்த கையைச் சும்மா வைக்கவே கூடாது, அதைக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் மூளை வேறு வழி பிடிக்கும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சார் அந்தப் பந்தைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். மண் ஆட்டை ஒளிக்க முடியவில்லை, அதற்கு எதிரில் ஒரு முதலாளி நின்றுகொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அந்த ஆடு விழ ஒரு நொடி தாமதமானது. மறுநாள் இரண்டு விரல் மடங்கி அதைப் பிடித்திருந்தது. ஆடு விழாததால் அவளுக்கு விளையாட்டுக் கெட்டுப்போய், கையிலிருந்து பிடுங்கித் தானே தரையில் போட்டாள். அன்றைக்கு நாலாவது ஆட்டுக்கும் கால் போனது.

இருபத்துமூன்றாம் தேதி நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். அன்று அச்சுமுறுக்கு சுடுகிற நாள். சாருடைய அக்கா வந்திருந்தார்கள், என் தம்பி வீட்டிலிருந்து நாலு பேர், மருமகனுடைய அம்மா, எல்லோரும் கூடத்தில். சார் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கழிவறையிலிருந்து நாற்காலிக்கு நடந்து வந்தார். வலது காலை வட்டமாக வீசித் தரையில் தேய்த்து, உடம்பைச் சாய்த்து ஒரு நடை. பின்னாலேயே சின்னவள் வந்தாள், கையில் ஒரு தோசைக் கரண்டியை ஊன்றிக்கொண்டு, வலது காலை வட்டமாக வீசித் தேய்த்து, உடம்பைச் சாய்த்து. அச்சு அசலாக அதே நடை. வாயைக்கூட ஒரு பக்கமாக இழுத்து வைத்திருந்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மகள் முகம் வெளுத்து, "ஏய்!" என்று பாய்ந்து அவள் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கிவிட்டாள். "ஏட்டி, அடிக்காத" என்று நான் எழுந்தேன். அதற்குள் சார் திரும்பிப் பார்த்துவிட்டார். பேத்தியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், அந்தக் கோண வாயைப் பார்த்தார். நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அவர் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, ஊன்றுகோல் ஆடும்படி ஒரு சிரிப்பு. பிடிக்க மருமகன் ஓடவேண்டியதாயிற்று. அக்கா மட்டும் சத்தமாக, "ஏலே, தம்பி சிரிக்கான்லா!" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

பெரியவர்கள் இப்படிச் செய்தால் அது கேலி. அந்த வயதுப் பிள்ளைக்குக் கேலி தெரியாது. தனக்குப் பிடித்தவர் எப்படி நடக்கிறாரோ அப்படி நடந்து பார்க்கிறது, அவ்வளவுதான். நான் மகளிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "ரோட்டுல யாரையாச்சும் பாத்து இப்படிப் பண்ணிட்டா என்னம்மா பண்றது?" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் அன்று சாயங்காலம் அந்த இருவரும் கூடத்திலிருந்து வாசல்வரை போய்த் திரும்பினார்கள், இரண்டு தடவை. முன்னால் ஊன்றுகோல், பின்னால் தோசைக் கரண்டி. பிசியோ தம்பி கெஞ்சினாலும் ஒரு தடவைக்கு மேல் நடக்காத மனுஷர்.

இருபத்துநாலாம் தேதி ராத்திரி கேரல் ரவுண்ட் பிள்ளைகள் வந்தார்கள். டிரம் சத்தம் கேட்டதும் சின்னவள் வாசலுக்கு ஓடினாள். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, ரப்பர் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்ததும் ஒரே அலறல். அம்மாவிடம் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. நேரே போய் சாரின் தளர்ந்த காலைக் கட்டிப்பிடித்து, முகத்தை வேட்டிக்குள் புதைத்துக்கொண்டாள். சார் இடது கையால் அவள் முதுகைத் தட்டி, "சரி சரி, சரி சரி" என்றார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அந்த வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. (முகமூடிக்குள் இருந்தது 2009 பேட்ச் மாணவன் ஒருவன். பெயர் போட வேண்டாம் என்றான். முகமூடியைக் கழற்றிவிட்டு, "சார், நான் மைதானத்துல அழுத அழுகையை உங்க பேத்தி திருப்பிக் கொடுத்துட்டா" என்றான்.)

பிறகு அவர்கள் ஒரு பழைய கீர்த்தனையைப் பாடினார்கள், சின்ன வயதிலிருந்து நாங்கள் எல்லோரும் பாடுவது. இரண்டாம் அடியில் எனக்குப் பக்கத்தில் ஒரு கட்டைக் குரல் சேர்ந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ராகம் மட்டுமல்ல, வார்த்தைகளோடு பாடினார். எல்லா வார்த்தையும் இல்லை, சில இடத்தில் நழுவியது. ஆனால் பல்லவி வந்தபோதெல்லாம் முழுசாகச் சொன்னார். டிரம் அடித்த பையன் அடிப்பதை விட்டுவிட்டான்.

உடனே அற்புதம், சுகம் கிடைத்துவிட்டது என்று ஆளாளுக்கு எனக்கு மெசேஜ் அனுப்பினீர்கள். சந்தோஷம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அதே பாட்டின் ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னபோது "சரி சரி"தான் வந்தது. பேச்சு வராதவர்கள் பலரால் பாட முடியும். பாட்டை மூளை வேறு விதமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதில் வலது பாதிக்கும் பங்குண்டு. 1973-ல் பாஸ்டன் நகரத்து நிபுணர்கள் இதையே ஒரு சிகிச்சையாக்கினார்கள். சொல்லவேண்டியதை ராகம் போட்டுச் சொல்ல வைத்து, இடது கையால் தாளம் தட்ட வைத்து, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஒரே நாளில் நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் உள்ளே வார்த்தை அழிந்துபோகவில்லை என்பதை அன்று ராத்திரி அவரே தன் காதால் கேட்டார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு மாற்றம் இருந்தது. நாற்பத்துமூன்று வருஷம் பார்த்த முகம், எனக்குத் தெரியும்.

அதிகாலை ஆராதனைக்கு அவர் வரவில்லை, நானும் கட்டாயப்படுத்தவில்லை. மகளும் நானும் ஊசிக்கோபுரத்துக்குப் போய் வந்தோம். ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய அந்தக் கோவிலுக்கு இருவரும் சேர்ந்து போகாத முதல் கிறிஸ்துமஸ் இதுதான். திரும்பி வந்தபோது தாத்தாவும் பேத்தியும் ஒரே கட்டிலில், இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். கட்டிலைச் சுற்றி அச்சுமுறுக்குத் தூள்.

விசில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இருபத்தெட்டாம் தேதி மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தபோது அது அவள் கையில் கிடைத்தது. ஊதத் தெரியவில்லை, வாயில் வைத்துக்கொண்டு "பீ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றாலும் அவர் பி.டி. சார் அல்லவா. வாங்கி, துடைத்து, தானே ஊதிக்காட்டப் போனார். வலது உதட்டோரத்தில் காற்று கசிந்து புஸ்ஸென்று போனது. முகம் சிவந்தது. இடது கை விரலால் அந்த உதட்டோரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். மூன்று நாள் இரண்டு பேரும் இதே வேலையாக இருந்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி காலை ஆறு மணிக்குத் தெருவே எழுந்தது. முதலில் ஊதியது யார் என்று இரண்டு பேருமே இதுவரை சொல்லவில்லை.

இப்போதைய நிலவரம் இது. பேச்சுப் பயிற்சிப் பெண்ணை மறுபடி கூப்பிட்டிருக்கிறோம். சார் தலையாட்டிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். கையிருப்பில் உள்ள வார்த்தைகள்: சரி சரி, ந்தா, பாப்பா, வா. கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் திரும்பி வந்திருக்கிறது. கோபத்தில் தானாக வருகிற வார்த்தைகள் இப்படி முதலில் திரும்புவது வழக்கம்தானாம். எந்த வார்த்தை என்று நான் எழுத மாட்டேன். ரிலேயில் குச்சியைக் கீழே போட்டவர்களுக்குத் தெரியும்.

நேற்று ரயிலடியில் அவள் அழவில்லை, ஜன்னல் வழியாக "தாத், தயி தயி" என்று கத்தினாள். சார் காரிலேயே இருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. பெங்களூர் போய்ப் பையைப் பிரித்தால் உள்ளே விசில் இருந்ததாம். அவர்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுக்காரர் இன்று ஒரு தடவை மேலே வந்து போய்விட்டாராம்.

சாரைப் பார்க்க வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வாருங்கள். சத்தமாகப் பேசவேண்டாம், காது நன்றாகக் கேட்கிறது. "என்னைத் தெரியுதா" என்று கேட்கவேண்டாம், தெரியும். அவர் ஒரு வார்த்தைக்குத் திணறினால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அரை நிமிஷம் பொறுங்கள். கொடுப்பதை வலது கையில் கொடுங்கள், விழுந்தால் எடுத்து மறுபடி கொடுங்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வேண்டாம், வீடு நிறையக் கிடக்கிறது. பொங்கலுக்கு மறுபடி வருகிறார்கள். எங்கேயாவது மண் ஆடு கிடைத்தால் நாலைந்து வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்